இரை போட்டு மீனைக் கொல்வதா?

இங்கிலாந்தில் பல வீடுகளின் பின்புறத்தில் சின்னக் குளம் ஒன்று இருக்கும். அதில் தங்க மீன்கள் நீந்தும். தவளைகளும் குடியிருக்கும். குழந்தைகளுக்கு அந்த மீன்கள்தான் தோழர்கள்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே கடுங்குளிர். குளத்தின் மேல்பகுதி கண்ணாடி போல உறைந்துவிடும். "ஐயோ, மீன்கள் விறைத்துவிடுமே!" என்று வீட்டார் பதறுவார்கள். இரையை அள்ளிப் போடுவார்கள். சுத்தியலால் பனிக்கட்டியை உடைப்பார்கள்.

எல்லாம் அன்பினால்தான். ஆனால், அந்த அன்பே மீனுக்கு எமன்!

பனிக்கட்டியே போர்வை

தண்ணீர் ஒரு விசித்திரமான பொருள். குளிரக் குளிர அது கனத்துக் கீழே இறங்கும். ஆனால் 4 டிகிரி சென்டிகிரேடு வரைதான் அப்படி. அதற்கு மேலும் குளிர்ந்தால், லேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் குளம் மேலேயிருந்து உறைகிறது. பனிக்கட்டி போர்வை போல மூடிக்கொள்ள, அடித் தண்ணீர் உறையாமல் இருக்கும்.

குளம் 2 அடிக்குக் குறையாத ஆழம் இருந்தால், மீன்கள் அடியில் அசையாமல் கிடந்து குளிர்காலத்தை ஓட்டிவிடும். சில தவளைகள் சேற்றில் படுத்து, தோல் வழியாகவே சுவாசிக்கும்.

மீனின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் உடம்பும் குளிரும். இரை செரிக்காது. தின்னாத இரை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். சுத்தியல் அடியின் அதிர்ச்சியோ தண்ணீர் வழியாகப் பாய்ந்து மீனைத் தாக்கும்.

சருகுதான் பகை

குளிரைவிடப் பெரிய பகை, இலைச் சருகு. அது அடியில் மக்கும்போது பிராணவாயு குறையும்; கெட்ட வாயு கிளம்பும். மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் அந்த வாயு எங்கே போகும்?

ஆகவே, இலை உதிரும் அக்டோபரிலேயே குளத்தின் மேல் வலை கட்ட வேண்டும். சருகையும் வாடிய செடிகளையும் அகற்ற வேண்டும். குளிர் ஏற ஏற இரையைக் குறைத்து, மீன்கள் அடியில் ஒடுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அடியில் மோட்டார் ஓடக்கூடாது. ஓடினால், மேலேயுள்ள குளிர்ந்த தண்ணீர் அடியில் கலந்துவிடும்.

குளம் உறைந்த பிறகு வேலை இரண்டே. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டி மேல் வைத்தால் துளை விழும். கெட்ட வாயு வெளியேறும். மேலே வெண்பனி கொட்டியிருந்தால், கரையில் நின்றபடியே பெருக்கித் தள்ள வேண்டும். வெளிச்சம் பட்டால் நீர்ச்செடிகள் பிராணவாயு தரும். குழந்தைகளைப் பனிக்கட்டி மேல் ஏற விடவே கூடாது.

"இரை போடாதே" என்றால் குழந்தை அழத்தான் செய்யும். காரணத்தை எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை. முன்கூட்டியே உழைத்துவிட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் அன்புதான். வசந்தம் வந்ததும் மீன்கள் தாமாக மேலே வரும். அப்போது குழந்தை ஆசை தீர இரை போடட்டும்!