அணைந்த கொள்ளிக்கட்டை

“நம்ம பிஸ்டல் ஒரு நாளும் சிக்கினதில்லீங்க” என்று லைசென்ஸ்காரர் ஒருவர் என்னிடம் பெருமையடித்தார். எத்தனை தோட்டா சுட்டிருப்பீங்க என்றேன். வாங்கின புதுசில் ஆறு. அதன்பின் பீரோவில் தூங்குகிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில்.

எங்கள் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆறு தூங்குகிறதா என்று பார்க்கச் சீடன் அணைந்த கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பான். சத்தமில்லை, தூங்குகிறது என்பான். இவர் செய்த சோதனையும் அதுதான்.

சாதாரண லைசென்ஸில் 9 மி.மீ. கிடையாது; பெரும்பாலும் .32 தான். தோட்டாவுக்கும் வரம்பு. சுட்டே பழகாதவர் “கைக்கு அடக்கமா, பூ மாதிரி இருக்கு” என்பது ஜவுளிக்கடைப் பேச்சு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். அரைத் தானியங்கி பிஸ்டலில் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, வெடிக்காததை வெளியே தள்ள வேண்டும். நடுராத்திரியில், இருட்டில், பிள்ளைகள் படுத்திருக்கும் வீட்டில் அந்த விரலுக்கு அது தெரியுமா?

நம்பகம் இரும்பில் மட்டும் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழகாத கையில், சிக்கிக்கொள்ளும் துப்பாக்கியைவிடச் சிக்காத துப்பாக்கிக்கே நான் அதிகம் பயப்படுகிறேன்.