தட்டணு எண்ணிக்கைக்குப் பின்னால் மறையும் தந்துகி

இந்தியாவில் டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சலின் முதல் பெருந்தொற்று 1963-64இல் கொல்கத்தாவில் பரவியது. அறுபது ஆண்டுகள் கழிந்தும், அந்நகரிலும் சென்னையிலும் மழைக்காலந்தோறும் நோயாளியின் உறவினர் கேட்கும் முதற்கேள்வி 'பிளேட்லெட் எவ்வளவு?' என்பதே. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை; அப்படிக் கேட்கப் பழக்கியது மருத்துவ உலகம்.

கடுமையான டெங்குவில் நோயாளியை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளுவது தட்டணுக் குறைவன்று, தந்துகிக் கசிவு. தந்துகியின் சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சிவப்பணுவே சில இடங்களில் உடலை மடித்துத்தான் நுழைகிறது. அச்சுவரின் உட்புறத்தைச் சர்க்கரையும் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு காக்கிறது. டெங்கு வைரசின் என்எஸ்1 புரதம் அப்பூச்சைச் சிதைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பிளாஸ்மா நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசிய, குழாய்க்குள் எஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது. அதை அறிவிப்பது ஹீமட்டோகிரிட் ஏற்றம். அவ்வெண்ணை யார் கேட்கிறார்கள்?

காய்ச்சல் தணியும் வேளையில்தான் கசிவு தீவிரமடைகிறது. வீட்டார் நிம்மதி கொள்வதும் அப்போதுதான். இரத்தப்போக்கு இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவது இரத்தப்போக்கைத் தடுக்கவில்லை எனச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த சோதனை 2017இல் நிறுவியது. ஆயினும் தட்டணுப் பைகளுக்கான அலைச்சல் ஓயவில்லை. பப்பாளி இலைச்சாறு வேறு.

கசிவு ஓரிரு நாளில் அடங்கும். வெளியேறிய நீர் குழாய்களுக்குள் திரும்பும். அந்நேரத்திலும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். தட்டணு எண்ணிக்கை இதையும் சொல்லாது.