காணியை விற்றுத் தொடர்மாடி வீடு வாங்கலாமா?

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பில் உத்தியோகம் பார்க்கின்றனர். கொட்டிலிலும் கூடாரத்திலும் இருந்து படித்துப் பல்கலைக்கழகம் போய், பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வங்கி உத்தியோகத்தராகவும் கணினித்துறை ஊழியராகவும் வந்திருக்கின்றார்கள். இது பெற்றோர் சிந்திய வியர்வையின் பலன். இதற்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆனால் வேலை கிடைத்து இரண்டு மூன்று வருடங்கள் செல்லுமுன்னரே பல வீடுகளில் ஒரு புதிய பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. "வாடகைக்குக் கொட்டுற காசை ஒரு பிளாட்டுக்குக் கட்டலாமே. வங்கி கொஞ்சம் தரும். மிச்சத்துக்கு ஊர்க் காணியை வித்தால் என்ன?" என்பதே அந்தப் பேச்சு.

இதற்கு எமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். நகரத்தில் வீடு வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. பிள்ளையின் சம்பளம் தாங்கக்கூடிய வீட்டைப் பிள்ளை வாங்கட்டும். அந்த வீட்டுக்காக ஊர்க் காணி விலைப்படக் கூடாது. அது பிள்ளையின் சம்பளத்தால் ஒருபோதும் திரும்ப வாங்க முடியாத பொருள்.

ஏன் வெள்ளவத்தை?

எம்மவர் கொழும்பில் வீடு தேடுவது வெறும் பகட்டுக்காக என்று சொல்வோர் உண்டு. அது நியாயமான பேச்சல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழரின் வீடுகள் எரிந்தன. பின்னர் 1990களில் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள் மறுபடியும் அங்கேயே விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் ஒதுங்கினார்கள். பொலிஸ் பதிவு, நள்ளிரவுச் சோதனை, 'ஏன் கொழும்புக்கு வந்தாய்' என்ற கேள்வி ஆகியவற்றை அனுபவித்தவர்கள் எமது வாசகர்களிலும் இருக்கின்றீர்கள். 2007 ஜூன் 7 ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300 இற்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து உத்தரவிட்டது. தன் பெயரில் ஒரு கதவும் ஒரு திறப்பும் இருந்தால் இப்படி யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்று எம்மவர் நினைத்ததில் வியப்பில்லை.

ஆகவே வீட்டு ஆசைக்குப் பின்னால் நிற்பது பயம். அந்தப் பயத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் காணியை விற்பதற்குப் பயம் மட்டும் போதிய காரணமாகாது.

காணி என்பது என்ன?

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர், 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தோர், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் எல்லோரும் ஒரு பொருளைக் கைவிடாமல் கொண்டு திரிந்தார்கள். அதுதான் காணி உறுதி. நகையை விற்றார்கள், மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். காணி விடுபட வேண்டுமென்று வருடக்கணக்கில் வீதியில் இருந்து போராடினார்கள். கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் இரவு பகலாக முகாம் வாசலில் இருந்தது நினைவிருக்கும். பலாத்காரமாக எடுத்தபோது கொடுக்க மறுத்த காணியை, இன்று நாமே தரகரைக் கூப்பிட்டுக் கொடுப்பதா?

அளவையும் பாருங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,720 சதுர அடி. 900 சதுர அடித் தொடர்மாடி வீடு பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் கீழே சொந்த மண் இல்லை. கட்டடம் நிற்கும் நிலத்தில் எல்லோருக்குமாகப் பிரிக்கப்படாத ஒரு பங்குதான் உண்டு. தோட்டக் காணி சும்மா கிடந்தாலும் காசு கேட்காது. தொடர்மாடி வீடோ, பூட்டிக் கிடந்தாலும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் கேட்கும், சோலைவரி கேட்கும், லிப்ட் பழுதானால் பங்கு கேட்கும்.

2022 ஆம் ஆண்டை மறக்க வேண்டாம். அவ்வாண்டு மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. சமையல் வாயு இல்லை. எட்டாம் மாடியில் மின்சாரம் நின்றால் லிப்ட் நிற்கும், தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நிற்கும். விறகு மூட்ட முற்றமும் இல்லை. ஊரில் கிணறும் பனையும் முருங்கையும் வைத்திருந்தவர்கள் வருந்தினாலும் அடுப்பெரித்தார்கள்.

கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் இருந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நற்செய்தியில் ஆண்டவர் காட்டிய புத்தி. 1 கோடி ரூபாவை 20 வருடத் தவணையில் கடன் எடுத்தால் 12 வீத வட்டியில் மாதம் ஏறத்தாழ 110,000 ரூபா கட்ட வேண்டும். முடிவில் கட்டிய மொத்தத் தொகை 2 கோடி 64 இலட்சம் ரூபாவாகும். அதே கடனுக்கு வட்டி 20 வீதமானால் மாதத் தவணை 170,000 ரூபாவை எட்டும். இப்படி நடக்குமா என்று கேட்கலாம். 2022 ஏப்ரல் 8 ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பட்டிருந்தவர்கள் அப்போது தவித்தார்கள். ஆகவே வட்டி நிலையானதா, மாறுவதா, எத்தனை வருடத்துக்கு நிலையானது என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உறுதி முடிக்க முத்திரை வரியும் உண்டு. முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். 1 கோடி ரூபா வீட்டுக்கு இது 399,000 ரூபா. நொத்தாரிசின் கூலி இதற்குப் புறம்பு.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகுமானால் அந்த வீடு இப்போதைக்கு எமக்குரியதல்ல. இன்னும் சிறியதைப் பார்க்க வேண்டும், அல்லது இன்னும் சில வருடம் சேமிக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவது எப்படி?

இளையோருக்கு நாம் சொல்ல விரும்புவது, வீட்டைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள் என்பதே. வாங்க நினைக்கும் பகுதியில் ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள். வாடகைக் காசு வீண்போகின்றது என்று உறவினர் சொல்வார்கள். தெரியாத இடத்தில் 20 வருடக் கடன்படுவதிலும் அந்த ஒரு வருட வாடகை மலிவானது.

வெள்ளவத்தையில் கோயில், தேவாலயம், தமிழ்ப் பாடசாலை, தமிழ்ச் சங்கம், ஊர்ச் சாமான் விற்கும் கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் உண்டு. காலி வீதியில் 100 ஆம், 101 ஆம் இலக்கப் பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். கடற்கரை ரயிலில் ஏறினால் கோட்டையில் இறங்கலாம். ஊரிலிருந்து வரும் தாய் தகப்பனுக்கும் அந்நியமாக இராது. இவை பெரிய வசதிகள். ஆனால் எல்லோரும் அங்கேயே தேடுவதால் விலை ஏறி நிற்கின்றது. மரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றின் உப்பு யன்னல் இரும்பைத் தின்னும்.

கோட்டைப் பக்கம் வேலை செய்பவருக்குக் கொட்டாஞ்சேனையும் நல்ல இடமே. அங்கு தமிழர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். வடக்கே வத்தளையும் தெற்கே தெஹிவளையும் சற்று இடவசதியைத் தரும். ஆனால் காலையும் மாலையும் வீதி நெரிசலில் எத்தனை மணிநேரம் போகின்றது என்பதை ஞாயிற்றுக்கிழமையில் அறிய முடியாது. வேலை நாளில் போய்ப் பாருங்கள். களனி ஆற்றை அண்டிய இடமானால், 2016 மே மாத வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். விற்பவரிலும் பார்க்க அவர் உண்மை சொல்வார். மழை நாளில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். மின்பிறப்பாக்கி உண்டா, தண்ணீர்த் தாங்கி எத்தனை குடும்பத்துக்கு, லிப்ட் இல்லாமல் அம்மாவால் ஏற முடியுமா என்பவற்றை விசாரியுங்கள்.

'எங்கட ஆக்கள் இருக்கிற இடம்' என்பதை மட்டும் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்பதும் எமது கருத்து. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் ஒழுங்கையில் நல்ல அயலவர் கிடைப்பது சிறிய காரியமல்ல. சிங்களம் பேசப் பழகிய பிள்ளைக்கு நகரத்தில் பயம் பாதியாகக் குறையும். ஆபத்து நேரத்தில் முதலில் கதவைத் தட்டுபவர் அயலவரே.

பத்திரங்கள் முக்கியம்

கமக்காரருக்கு உறுதி பார்க்கத் தெரியும். ஆனால் தொடர்மாடி வீட்டின் உறுதி வேறு வகை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி கட்டடத்தின் கூட்டாதனப் படம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியப்பட்ட பின்னரே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி உண்டு. பதியப்படாத கட்டடத்தில் எவ்வளவு காசு கொடுத்தாலும் தனி வீட்டுக்கு உரிமையாளராக முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்படி கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிலும் விசாரியுங்கள். வீடு அல்லது நிலம் வங்கியில் ஈட்டில் இருக்கின்றதா என்று உங்களுக்காக வேலை செய்யும் நொத்தாரிசைக் கொண்டு பதிவகத்தில் தேடுவியுங்கள். விற்பவரின் நொத்தாரிசே போதும் என்று விட்டுவிட வேண்டாம். கட்டி முடியாத கட்டடத்துக்கு முற்பணம் கொடுப்பதை இயன்றவரை தவிருங்கள்.

சீதனப் பேரம்

இங்கே ஒரு கசப்பான விடயத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பு வீடு வளவு கேட்ட மாப்பிள்ளை வீட்டார் இன்று 'கொழும்பில் ஒரு பிளாட்' கேட்கின்றார்கள். படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கும் இந்தப் பேரம் நடக்கின்றது. தங்கைமாருக்கும் தம்பிக்கும் உரிய காணி ஒரு பிள்ளையின் சீதனத்துக்காக விலைப்படுகின்றது. இது அநீதி என்று நாம் தெளிவாகச் சொல்கின்றோம். திருமணமாகும் இருவரும் உழைப்பவர்களானால், வீட்டை இருவரும் சேர்ந்து, இருவர் பெயரிலும் வாங்கட்டும். பங்குத் தந்தையரும் போதகர்களும் திருமண ஆயத்தத்தின்போது இதனைப் பேசாமல் விடுவது தகாது.

காணியை என்ன செய்வது?

'பிள்ளைகள் ஊருக்கு வரப்போவதில்லை, காணி பற்றைக் காடாகக் கிடக்கின்றது' என்று சொல்லும் பெற்றோரின் கவலை உண்மையானதே. அதற்கு விற்பனை மட்டுமே வழியல்ல. காணியில்லாத அயலவருக்கு எழுத்துமூலம் குத்தகைக்குக் கொடுங்கள். எழுத்தில்லாமல் விட்டால் பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோரும் வழக்கு வரலாம். எல்லையில் பனையும் வேம்பும் நடுங்கள், வேலியைப் பேணுங்கள், பிள்ளைகளை வருடம் ஒரு முறையாவது காணிக்குக் கூட்டிச் செல்லுங்கள். அரச அனுமதிப் பத்திரக் காணி வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி அதனை எழுதிக் கைமாற்றுவது சட்டப்படி செல்லாது. வாங்கியவரும் ஏமாறுவார், விற்றவரும் வழக்கில் அலைவார்.

தேசவழமை வெளியாருக்குக் காணி விற்குமுன் கூட்டுப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றது. காணி ஒருவரின் அவசரத்துக்கு மட்டும் உரியதல்ல என்பது எமது முன்னோரின் எண்ணம். நோய்க்காகவோ கடனுக்காகவோ விற்றே தீரவேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அவர்களை நாம் குறைசொல்லோம். அப்போதும் எல்லாப் பிள்ளைகளையும் இருத்திப் பேசி, ஒரு பகுதியை மட்டும் விற்று, கிணற்றடியையாவது காப்பாற்றுங்கள்.

திருவிவிலியத்தில் எரேமியா பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்நிய நகரத்தில் வீடு கட்டிக் குடியிருக்கவும், அந்நகரத்தின் நன்மையைத் தேடவும் அதில் சொன்னார். அதே எரேமியா, எருசலேமைப் படைகள் முற்றுகையிட்டிருந்த வேளையில், தன் ஊராகிய அனத்தோத்தில் 17 வெள்ளிச் செக்கேல் கொடுத்து ஒரு வயலை வாங்கினார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, அது நெடுங்காலம் அழியாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். நகரத்தில் நன்றாக வாழ், ஊர் மண்ணையும் கைவிடாதே என்ற இரண்டையும் ஒரே மனிதர் சொன்னார், செய்தும் காட்டினார்.

பெற்றோரே, பிள்ளை நகரத்தில் வீடு தேடும்போது வாழ்த்தி அனுப்புங்கள். பிள்ளைகளே, அந்த வீட்டை உங்கள் உழைப்பின் அளவுக்குத் தேடுங்கள். தாய் தகப்பன் சுமந்து காத்த உறுதியை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.