ப்ரூம் நகரசபையும் கட்சிகளும்

இங்கிலாந்தின் தென்மேற்கே ஸாமர்ஸெட் ஜில்லாவில் ப்ரூம் என்றொரு சிறு நகரம் உண்டு. எழுத்தைப் பார்த்தால் ப்ரோம் என்று வாசிக்கத் தோன்றும். அவ்வூரார் ப்ரூம் என்றே சொல்லுவர். முற்காலத்தில் கம்பளித்துணி நெசவினால் செழித்த ஊர். இப்போது ஜனத்தொகை சுமார் 28 ஆயிரம். இந்நகரசபைக்கு 2011-ம் வருஷம் மே மாதம் நடந்த தேர்தலைப் பற்றி அந்நாட்டிலும் வெளிநாடுகளிலும் வெகுவாகப் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். புகழ்ச்சி தகாததன்று. ஆயினும் புகழ்ந்தவர்களில் அநேகர் விஷயத்தின் ஒரு பாதியை மாத்திரமே கண்டனர் என்பது நமது அபிப்பிராயம்.

நடந்தது இது. அதுவரை கட்சிகளின் கையிலிருந்த நகரசபையைக் கட்சிகளிடமிருந்து விடுவிப்பதென்று உள்ளூர்வாசிகள் சிலர் கூடி, ‘ப்ரூமுக்கான சுயேச்சைகள்’ என்ற பெயரில் அபேக்ஷகர்களை நிறுத்தினார்கள். மொத்த ஸ்தானங்கள் 17. அவற்றில் 10 இவர்களுக்குக் கிடைத்தன. 2015-ல் 17-ம் கிடைத்தன. 2019-லும் அவ்வாறே. கன்ஸர்வேடிவ், தொழிற்கட்சி, லிபரல் டெமாக்ரட் என்று எந்தக் கட்சியின் பெயரைச் சொல்லி வந்தவருக்கும் அவ்விரு தேர்தல்களிலும் ஓர் ஆசனங்கூட இல்லை.

கட்சியில்லாமல் ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். இவர்களுக்குப் பொதுவான கொள்கைப் பிரகடனம் கிடையாது. இன்ன பக்கம் வோட்டுச் செய்க என்று உத்தரவிடும் கொறடாவும் கிடையாது. நடந்துகொள்ளும் முறையைப் பற்றி மாத்திரமே உடன்பாடு: எதிரி சொல்வதில் நியாயமிருந்தால் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளத் தயங்கலாகாது; ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதையே தன் கௌரவமாக்கிக் கொள்ளலாகாது; தவறினால் தவறினேன் என்று சொல்ல வேண்டும். சட்டசபைகளில் பழகியவர்களுக்கு இது சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி போலத் தோன்றும். ஆனால் ஒரு கால்வாயைச் செப்பனிடுவதற்குக் கன்ஸர்வேடிவ் வழியென்றும் தொழிற்கட்சி வழியென்றும் இரண்டு வழிகள் உண்டா என்று அவ்வூரார் கேட்டபோது கட்சிக்காரர்களால் விடையிறுக்க முடியவில்லை. அச்சபையிலிருந்த பீட்டர் மக்பாடியன் என்பவர் இவ்வநுபவங்களை 2014-ல் ஒரு புஸ்தகமாகவும் வெளியிட்டார்.

வேலையிலும் குறைவில்லை. ஜில்லா நிர்வாகத்தின் வசமிருந்த பழைய நகரமண்டபத்தை விலைக்கு வாங்கிச் சபையின் காரியாலயமாக்கினார்கள். வீட்டுக் கருவிகளை வாங்க முடியாதவர்கள் இரவலாக எடுத்துச் செல்ல ஒரு கடை 2015-ல் ஏற்பட்டது. மிஞ்சிய உணவை எவரும் வைக்கலாம், வேண்டியவர் கேள்வியின்றி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் பொதுக் குளிர்ப்பெட்டி ஒன்றும் 2016-ல் வந்தது.

இனி மற்றப் பாதியைப் பார்ப்போம். அந்நாட்டுத் தேர்தல் விதிப்படி, ஒரு வட்டத்தில் எத்தனை ஸ்தானமோ அத்தனை வோட்டு ஒவ்வொருவருக்கும் உண்டு. அதிக வோட்டுப் பெற்றவர் ஜயித்தார். விகிதாசாரம் என்ற பேச்சே இல்லை. ஆகவே 17-க்கு 17 கிடைத்தது என்பதனால் ஊர் முழுவதும் ஒரே மனதாயிருந்தது என்று கொள்ளலாகாது. எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்க ஒருவருமில்லாத சபை, கட்சியற்ற சபையாயினும், நமக்கு அவ்வளவாகத் திருப்தி தருவதன்று. இங்கிலாந்தில் ஸ்தலத் தேர்தல்களில் வாக்காளரில் மூன்றிலொரு பங்கினர் அளவே வோட்டுச் செய்வது வழக்கம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது அதிகாரம். நகரசபைக்கு உட்பட்டவை பூங்கா, விளையாட்டுத் திடல், காய்கறித் தோட்ட நிலங்கள் போன்றவையே. வீடு கட்டும் அநுமதியில் அது அபிப்பிராயம் சொல்லலாம். தீர்ப்புச் செய்ய முடியாது. ரஸ்தாக்கள், பள்ளிக்கூடங்கள், முதியோர் பராமரிப்பு ஆகியவை ஜில்லா கவுன்ஸிலைச் சேர்ந்தவை. குப்பை அகற்றுதலும் கட்டிட அநுமதியும் மெண்டிப் வட்டார கவுன்ஸிலிடம் இருந்தன. 2023 ஏப்ரல் 1-ம் தேதி மெண்டிப் முதலிய வட்டார கவுன்ஸில்கள் கலைக்கப்பட்டு, எல்லாம் ஒரே ஸாமர்ஸெட் கவுன்ஸிலின் கையில் சேர்ந்தன. 2022-ல் நடந்த அதன் தேர்தலில் ஸ்தானங்கள் 110. அவற்றில் லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 61, கன்ஸர்வேடிவ்களுக்கு 36, சுயேச்சைகளுக்கு 3. பெட்டிச் சாவி எங்கேயிருக்கிறதோ அங்கே கட்சிகள் ஓர் அங்குலமும் நகரவில்லை!

அந்தப் பெட்டியிலும் பணம் இல்லை. 2010-க்குப் பின் லண்டன் சர்க்கார் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அளித்து வந்த மானியத்தைப் பலமாக வெட்டிற்று. முதியோரும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட செலவோ வருஷந்தோறும் ஏறுகிறது. அது சட்டம் விதித்த கடமை, நிறுத்த முடியாது. வரியை உயர்த்தலாமென்றால், வீடுகளின் மதிப்பு 1991-ம் வருஷத்து விலைப்படி எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது இன்னும் மாற்றப்படாமலிருக்கிறது. அதற்கு மேலும், சர்க்கார் குறிக்கும் சதவிகிதத்தைத் தாண்டி வரி போடுவதானால் ஜனவாக்கு எடுக்க வேண்டுமென்று 2011-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. இக்கட்டுப்பாடு ஜில்லா கவுன்ஸில்களைப் பிடிக்கிறது. ப்ரூம் போன்ற நகரசபைகளைப் பிடிக்கவில்லை. இதன் பலன் என்னவென்று பாருங்கள். 2023 நவம்பரில் ஸாமர்ஸெட் கவுன்ஸில் தனக்குப் பண நெருக்கடி நேர்ந்துவிட்டதாகப் பிரகடனம் செய்து, தான் செய்துவந்த காரியங்களில் சிலவற்றை நகரசபைகளும் கிராமசபைகளும் ஏற்றுக்கொள்ளலாமே என்று கேட்கத் தொடங்கிற்று. பாரத்தை இறக்கி வைக்கிறார்கள். அதனோடு பணம் இறங்கி வருகிறதா என்பதே கேள்வி. ஏற்றுக்கொள்ளும் சபை அதே வீட்டுக்காரரிடம் தன் வரியை உயர்த்த வேண்டியதுதான். அப்போது வசவு யாருக்கு? கட்சியில்லாத யோக்கியர்களுக்கு.

2025-ல் ஸாமர்ஸெட் கவுன்ஸில் ஜனவாக்கெடுப்பின்றி 7.5 சதவிகிதம் வரி உயர்த்திக்கொள்ள அநுமதி கேட்டுப் பெற்றது. அவ்வநுமதியை அளித்தவர்கள் ப்ரூம் வாக்காளருமல்லர், ஸாமர்ஸெட் வாக்காளருமல்லர், லண்டனிலுள்ள மந்திரிகள்.