காயடித்த நாய் காவல் காக்குமா?



"வாத்தியாரே, ஊசி போட்டு விதையை எடுத்தார்கள், அதோடு காவலும் போய்விட்டது. இனி இது எதற்கு?" இந்தப் பேச்சு நம் லயங்களில் புதிதல்ல. இப்படிச் சொன்ன மறுவாரம் அந்த நாய் செம்பனைக் காட்டின் கோடியில் இறக்கிவிடப்படுவதும் புதிதல்ல. உங்கள் வீட்டிலும் அந்த எண்ணம் இருந்தால், தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் நாய் ஒரு நாள்வரை தள்ளாடும், முனகும். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாது. மயக்க மருந்து முழுதாய் இறங்கவில்லை என்பதுதான் காரணம். தன்னோடு விளையாடும் பிள்ளையைப் பார்த்தே உறுமினால் வலிக்கிறது என்று அர்த்தம். ஒதுங்கிக் கிடக்க விடுங்கள். காயம் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாள்களில் அதன் குணத்தை எடைபோடுவது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பரீட்சை வைப்பது போலத்தான்.

கடுவனின் விதையில் ஊறும் சுரப்புநீர் சில நாளில் இரத்தத்தில் வற்றிவிடும். பழக்கம் அத்தனை சீக்கிரம் வற்றாது. பெட்டை வாசம் பிடித்துப் பக்கத்துத் தோட்டம்வரை ஓடுவது, தூணுக்குத் தூண் காலைத் தூக்குவது, மற்ற கடுவன்களோடு மல்லுக்கு நிற்பது, இவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லக் குறையும். ஊர் சுற்றுவதுதான் அதிகம் குறையும். வயதான நாயிடம் பழசு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் கடுவனின் உடம்பில் வித்து தங்கியிருக்கும். ஒன்றரை மாதமாவது பருவத்துக்கு வந்த பெட்டைகளிடம் அதை அண்டவிடாதீர்கள்.

சரி, காவல்? அது விதையில் இருந்தால் பெட்டை நாய் எதற்கு இரவெல்லாம் குரைக்கிறது? இது என் வாசல், இவர்கள் என் ஆட்கள் என்ற எண்ணத்தில் வருவது காவல். அதை எந்தக் கத்தியும் அறுப்பதில்லை. ராத்திரி வீட்டில் இல்லாமல் சுற்றிய நாய் இனி வாசலிலேயே கிடக்கும் என்றால், காவலுக்கு அது நல்லதுதானே!

பயத்தினால் கடிக்கும் நாய் வேறு கதை. கல்லடி பட்டே வளர்ந்த நாய், காயடித்த பிறகும் பயந்து கடிக்கும். சிலவற்றுக்குப் பயம் கூடவும் கூடும். கல்லெறியும் பிள்ளைகளைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஆனால் எச்சில் ஒழுக, நடை தடுமாற, கண்டதையெல்லாம் கடிக்கப் பாய்ந்தால் அதை அறுவையின் கணக்கில் எழுதாதீர்கள். வெறிநாய் நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. கடிபட்ட இடத்தைச் சவுக்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பெட்டைக்கு ஒரு எச்சரிக்கை. பருவம் கழிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் சில பெட்டைகள் சினை இல்லாமலே பால் கட்டி, பழைய செருப்பைக் குட்டிபோல் அணைத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் அறுத்தால் அந்த ஏக்கம் நீண்டுபோகலாம். கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

"சோம்பேறியாகிவிட்டது" என்ற புகாருக்குப் பதில் பெரும்பாலும் சோற்றுச் சட்டியில் இருக்கிறது. காயடித்த நாய்க்குப் பசி கூடும்; உடம்புக்கு வேண்டிய தீனியோ ஏறக்குறைய கால்பங்கு குறையும். நம் வீட்டுப் பெண்கள், 'பாவம், அறுத்துப் போட்ட உடம்பு' என்று மீன்தலையும் மிச்சச் சோறும் கூடுதலாக வைப்பார்கள். அந்த மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் வாரம் ஒருமுறை நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் சட்டியில் ஒரு கைப்பிடி குறையுங்கள். காயம் ஆறியிருந்தால் மாலையில் திடல்வரை நடத்திக்கொண்டு போங்கள்.