தலைக்கு எவ்வளவு என்று கேட்க முன், போட் எத்தனை என்று கேளுங்கள்



ஆகஸ்ட் லீவு நெருங்குகிறது. ஆசிரியர் குரூப், குடும்ப குரூப், பழைய மாணவிகள் குரூப் என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்களிலும் ட்ரிப் கதை தொடங்கிவிட்டது. கிழக்கில் இருக்கும் எங்களுக்கு இந்த மாதத்தில் ட்ரிப் என்றால் பெரும்பாலும் நிலாவெளிதான். விடிய முன் வேன் ஏறி, காலையில் டொல்பின் பார்க்கக் கடலுக்குள் போய், பிறகு புறாத்தீவில் இறங்கிக் குளித்து, கடலில் இருந்தபடியே கோணேசர் மலையைப் பார்த்து, பின்னேரம் கரைக்கு வருவது. ஒரு முழு நாள், ஒரு முழுக் குடும்பக் கூட்டம், ஒரு போட்.

போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போங்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் முருகைக் கற்களும் சுறாக்குட்டிகளும் இருக்க, புத்தகத்தில் மட்டும் படத்தைக் காட்டிப் படிப்பிக்கிறோம். விஞ்ஞான ஆசிரியை என்ற வகையில் அது எனக்கே கவலை. எங்கள் பெண்களும் வருடத்தில் ஒரு நாளாவது குசினியை விட்டு வெளியே வந்து கடற்காற்று வாங்கட்டும்.

நான் சொல்ல வருவது, குரூப்பில் யார் ட்ரிப் கதையைத் தொடங்கினாலும் முதலாவதாக வந்து விழும் அந்தக் கேள்வியைப் பற்றி: "தலைக்கு எவ்வளவு வரும்?"

போட்டை அளவுக்கு மீறி நிரப்புவது இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். போட்டுக்கு ஒரு விலைதான். முழு நாளைக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் ஏறினால் தலைக்கு 3,000. 15 பேர் ஏறினால் 2,000. இரண்டாவது கணக்கைக் கண்டதும் குரூப்பில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். மிச்சம் பிடித்த அந்த 1,000 ரூபாய், திரும்பி வரும் வழியில் கொத்துக்கும் ஃபலூடாவுக்கும் போய்விடும். மேலதிகமாக ஏறிய ஐந்து பேரின் பாரம் மட்டும் நாள் முழுக்கப் போட்டில் இருக்கும்.

"அதெல்லாம் போட்காரன் பார்த்துக்குவான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு விசயம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அதற்குப் பிறகு கொரோனா, அதற்குப் பிறகு 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாடு. உல்லாசப் பயணிகளை நம்பிச் சீவித்த அந்தக் கரையில் ஒரு வீடு தப்பியிருக்குமா? இப்போதும் சீசன் என்பது சில மாதங்கள்தான். வாடைக் காலம் வந்தால் போட்டைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு இருக்கவேண்டியதுதான். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "பதினஞ்சு பேரை ஏத்துறீங்களா, இல்லாட்டி அடுத்த போட்டுல கேக்கவா" என்று நாங்கள் பேரம் பேசுகிறோம். அவர் என்ன சொல்வார்? அந்த இடத்தில் பலம் எங்கள் கையில் இருக்கிறது. பொறுப்பும் எங்கள் கையில்தான்.

போன வருடம் நானும் போன ஒரு ட்ரிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு குடும்பங்கள், சின்னப் பிள்ளைகளோடு 19 பேர். போட்கார அண்ணன் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெண்டு போட் வேணும் சேர்" என்றார். எங்கள் குழுவில் ஒருவர், "சின்னப் புள்ளையள்தானே அண்ணன், மடியில வெச்சிக்குவம்" என்றார். அண்ணன் கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் தலையாட்டப் போகிறார் என்று விளங்கியது. அப்போதுதான் கூட வந்த ஒரு ராத்தா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு போட் எடுக்கிறண்டா வாறன். இல்லாட்டி நானும் புள்ளையும் கரையில இருக்கிறம். நீங்க பெய்த்து வாங்க." குரலை உயர்த்தவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. இரண்டு நிமிடம் எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு இரண்டு போட் எடுத்தோம். அன்று கடலில் எதுவும் நடக்கவில்லை. நல்ல நாள், நல்ல டொல்பின்கள். எதுவும் நடக்காததால் அந்த ராத்தா அனாவசியமாகப் பயந்தார் என்று ஒரு கதையும் பிறகு ஓடியது. நான் இதை எழுத அந்தக் கதையும் ஒரு காரணம்.

மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பாரம் இல்லையா? ஐந்து வயதுப் பிள்ளை ஏறக்குறைய 17, 18 கிலோ இருக்கும். நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு பெரிய ஆளின் நிறை. ஆனால் தலைக்கணக்கிலும் அவர்கள் இல்லை, லைஃப் ஜெக்கட் கணக்கிலும் இல்லை. மடியில் இருக்கும் பிள்ளைக்கு யாரும் ஜெக்கட் தேடுவதில்லையே!

இனி டொல்பின். வகுப்பில் புவியீர்ப்பு மையம் படிப்பிக்கும்போது இதைத்தான் உதாரணம் சொல்லவேண்டும். எல்லோரும் இருந்தபடி இருந்தால் போட்டின் பாரம் கீழே இருக்கும், போட்டும் நிலையாக இருக்கும். யாராவது "அந்தா! அந்தா!" என்று கத்தியவுடன் பத்துப் பேரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஒரே பக்கத்துக்குப் போகிறார்கள். அந்த ஒரு விநாடியில் பாரம் மேலேயும் போகிறது, ஒரு பக்கத்துக்கும் போகிறது. பத்துப் பேர் ஏற்றிய போட் அதைத் தாங்கக்கூடும். பதினைந்து பேர் ஏறி, விளிம்பு தண்ணீருக்குக் கிட்டப் பதிந்த போட்டில் அதே விநாடியில் தண்ணீர் உள்ளே வரலாம்.

காற்றையும் சொல்லவேண்டும். இது கச்சான் காலம். கச்சான் நிலத்தின் பக்கமிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் தாம்பாளம் மாதிரித் தெரியும். "குளம் மாதிரிக் கிடக்கு, என்னத்துக்குப் பயம்?" என்பார்கள். கரைக்குப் பக்கத்தில் அலை எழும்ப அந்தக் காற்றுக்கு இடமில்லை, அவ்வளவுதான். உள்ளே போகப் போக அலை பெரிதாகும். திரும்பி வரும்போது முழு வழியும் காற்றுக்கு எதிர். இன்ஜின் நின்றுவிட்டால் காற்று போட்டைக் கரைக்குக் கொண்டு வராது, வங்காள விரிகுடாவுக்குள்தான் தள்ளும். திருகோணமலைப் பக்கம் கடல் கரைக்குக் கிட்டவே சட்டென்று ஆழமாகிவிடும். நீலத் திமிங்கிலம் அங்கே வருவதற்குக் காரணமும் அந்த ஆழம்தான். நங்கூரம் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம் என்று நினைக்கும் இடம் அல்ல.

இத்தனைக்கும் போட்டில் இருக்கும் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

நாங்கள் சுனாமியைக் கண்ட பிள்ளைகள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் உம்மாமார் கடல் பக்கமே போக விடவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு தலைமுறை நீச்சல் பழகாமல் வளர்ந்தது. பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்று நாங்களே உம்மாக்கள். நீச்சல் பழக்கப் பயந்த பிள்ளையை டொல்பின் காட்ட நடுக்கடலுக்குக் கொண்டு போகிறோம். இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு இன்னொரு விசயம், திறந்தே சொல்கிறேன். அபாயாவுக்கு மேலே லைஃப் ஜெக்கட் போட வெட்கப்பட்டு அதைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளைக் கண்டிருக்கிறேன். குந்தியிருக்கும் பலகை நோகிறது என்று அதை அடியில் போட்டு இருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நனைந்த அபாயா கால்களைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவளுக்கே கஷ்டம். நனைந்த முகத்திரை மூச்சை அடைக்கும். தளர்வான ஒரு மேலாடை, அதற்குள் நீளக் காற்சட்டை, சால்வையை உள்ளே செருகி, அதற்கு மேலே ஜெக்கட், எல்லா க்ளிப்பும் பூட்டி. ஹயாவும் போகாது, உயிரும் போகாது. பிள்ளைகளுக்கு அவர்களின் அளவில் ஜெக்கட் இருக்கவேண்டும். பெரியவர்களின் ஜெக்கட்டைப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்தவுடன் ஜெக்கட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளால் கீழே வழுக்கும்.

எங்கள் மாவட்டத்துக்கு இதை நான் படிப்பிக்கத் தேவையில்லை. 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. அது ட்ரிப் அல்ல. பாலம் கட்டி முடியும் வரை அந்தப் பக்கத்து மக்கள் தினமும் போய்வந்த இழுவைப் படகு. காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த ஜனாஸாக்களை நாங்கள் மறக்கமாட்டோம். அந்த மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏறவேண்டிய கட்டாயம், வேலைக்கும் பள்ளிக்கும் போகவேண்டிய கட்டாயம். ட்ரிப் போகும் எங்களுக்கு என்ன கட்டாயம்? இரண்டாவது போட் எடுக்கக் காசு போதாவிட்டால், கூட்டத்தைப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கு அரை நாள் போகலாம். அதுவும் முடியாவிட்டால் கரையில் கால் நனைத்துவிட்டு வரலாம்.

"தக்தீர் இருந்தா வீட்டிலயும் மவுத்து வரும்" என்று கொமன்ட் வரும், தெரியும். தக்தீரை நம்பித்தான் இதையும் எழுதுகிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. ஏறும்போது துஆ ஓதுகிற அதே நேரம் ஜெக்கட்டின் க்ளிப்பையும் பூட்டலாம். அதேபோல, "லுஹருக்கு முன்னுக்குக் கரைக்குப் போகோணும், கெதியா விடுங்க" என்று போட்காரரை விரட்டுவதையும் நிறுத்துங்கள். பயணிக்குத் தொழுகையைச் சேர்த்துத் தொழச் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகை இப்படியான நாளுக்குத்தான்.

ஆகவே ட்ரிப் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள், கைக்குழந்தையும் ஓர் ஆள். போட்காரரிடம் விலை கேட்க முன், "உங்கட போட்டுல எத்தனை பேர் ஏத்தலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையில் பேரம் வேண்டாம். விலையில் வேண்டுமானால் பேசுங்கள். அந்தக் கணக்குக்கு எத்தனை போட் வருகிறதோ, அதை வைத்துத் தலைக்காசைப் பிரியுங்கள்.

கரையில் நின்றே ஜெக்கட்டை எண்ணி, போட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் அளவில் இல்லையென்றால் இரவல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தூரக் கடலுக்கு இரண்டு போட்டாகப் போனால், ஒன்றையொன்று கண் காணும் தூரத்தில் போகச் சொல்லுங்கள். ஒன்றின் இன்ஜின் நின்றாலும் மற்றது கட்டி இழுக்கும். டொல்பின் வந்தால் இருந்த இடத்தில் இருந்தே பார்ப்பது என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். பெரியவர்களுக்கும்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது. ஏற முன்னர் குழுவில் ஒரு வாக்குக் கொடுங்கள்: யாராவது ஒருவர், அது சின்னப் பிள்ளையாக இருந்தாலும் சரி, வயதான மாமியாக இருந்தாலும் சரி, "எனக்குப் பயமா இருக்கு, திரும்புவம்" என்று சொன்னால் போட் திரும்பும். காரணம் கேட்கக் கூடாது. பகிடி பண்ணக் கூடாது. திரும்பிய பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் கூட்டங்களில் போட்டைப் பேசுவது ஆண்கள், காசைப் பிரிப்பது ஆண்கள், முன்னுக்கு இருப்பதும் ஆண்கள். நீந்தத் தெரியாமல் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு பின்னுக்கு இருப்பவர்களுக்குத்தான் பேச இடமில்லை. அவர்களுக்கு இந்த ஒரு சொல்லைக் கொடுங்கள்.

இந்தக் கிழமை உங்கள் குரூப்பில் யாராவது "தலைக்கு எவ்வளவு?" என்று கேட்டால், அதற்குக் கீழே இதைப் போடுங்கள்: "நாங்க எத்தனை பேர், போட் எத்தனை?" பதில் வரும்வரை காசு அனுப்பாதீர்கள்.

அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் ஆஃபியத்தாக ஆக்குவானாக. நல்ல லீவாக அமையட்டும்.