உது வெள்ளைக்காரன்ர கூத்தோ?

“புருசன் பெண்சாதிக்கு ஆட்டம் பழக்கி நெருக்கம் உண்டாக்கிறதோ? உந்த வெள்ளைக்காரக் கூத்து எங்களுக்குச் சரிவராது.” தம்பதியருக்கான நடன அசைவுச் சிகிச்சை பற்றிச் சண்டிலிப்பாயில் பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும்.

துறை வெளியிலிருந்து வந்தது, உண்மை. 1942இல் மரியன் சேஸ் வாஷிங்டனில் மனநோயாளரோடு ஆடத் தொடங்கினார். ஆனால் உடம்பை ஆட்டி மனப்பாரம் இறக்குவதை எங்களுக்கு யாரும் கப்பலில் கொண்டுவந்து தரவில்லை. காவடி பிறகென்ன? சித்திரவதைப்பட்டு மீண்ட இளைஞர் தூக்குக்காவடியில் ஆறுதல் தேடியதை மானிடவியலாளர் ஜேன் டேர்ஜஸ் யாழ்ப்பாணத்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். க. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு போர்க்காலத்தில் மனக்காயம் ஆற்ற அரங்கையே கையாண்டது.

வெட்கங்கெட்ட வேலை என்பார்கள். நடப்பது என்ன? எதிரெதிரே நின்று ஒருவரின் கையசைவை மற்றவர் அப்படியே செய்வது, சேர்ந்து நடப்பது, எவ்வளவு கிட்ட வரலாம் என்று கைகாட்டி நிறுத்துவது. எல்லாம் உடுப்போடுதான். தொடுகையே இல்லாமலும் தொடங்கலாம். மனைவி “போதும்” என்று கைகாட்ட, கணவன் முகம் சுளிக்காமல் நிற்கப் பழகுகிறான். எங்கள் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு இது வாய்த்திருக்கிறது?

“பிள்ளை பெத்ததுகளுக்கு என்ன பழக்குறது?” எனக்குக் கோபம் வருவது இந்த வாதத்தில்தான். பிள்ளை பெறுவதும் நெருக்கமும் ஒன்றல்ல. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தனிமை ஏது? தடுப்பில் அடிபட்ட உடம்பு அன்பான கை பட்டாலும் திடுக்கிடும். வெளிநாட்டில் பல வருடம் இருந்து திரும்பும் கணவன் மனைவிக்கு அரை அந்நியன். பேசித் தீர்க்கச் சொல்வது சுலபம். பேச்சு வராத இடத்தில்தான் அசைவு உதவுகிறது.

எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சான்று எங்கே? மனச்சோர்வுக்கு இச்சிகிச்சை உதவுமா என்று 2015இல் கொக்ரேன் ஆய்வு தேடியபோது 3 சிறு ஆய்வுகளே கிடைத்தன; அவற்றில் மொத்தம் 147 பேரே இருந்தனர். உறுதியான முடிவு சொல்ல முடியவில்லை. ஆகவே இதைச் சர்வரோக நிவாரணியென்று விற்பவரை நம்பாதீர்கள். உடலுறவில் வலியோ விறைப்புக் குறைபாடோ இருந்தால் முதலில் வைத்தியர். அடி உதை உள்ள வீட்டுக்குச் சோடி ஆட்டம் மருந்தல்ல. அங்கே முதல் தேவை அந்தப் பெண்ணின் பாதுகாப்பு.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.